மகிழடித்தீவு இறால் பண்ணையும் வாஷிங்டனுக்குப் போன வாதங்களும்

சர்வதேச முதலீட்டுச் சட்டத்தைக் கற்கும் மாணவர் லண்டனில் இருந்தாலும் நைரோபியில் இருந்தாலும், ஆரம்ப வகுப்புகளிலேயே வாசித்தாக வேண்டிய வழக்குகளில் ஒன்று மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் பிறந்தது. ஏசியன் அக்ரிகல்சரல் புரொடக்ட்ஸ் லிமிடெட் எதிர் இலங்கைக் குடியரசு என்பது அதன் முழுப்பெயர். சட்ட உலகம் சுருக்கமாக ஏஏபிஎல் வழக்கு என்று சொல்லும். முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையே நேரடி உடன்படிக்கை எதுவும் இல்லாமல், இரு நாடுகள் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இக்சிட் என்ற முதலீட்டுப் பிணக்குத் தீர்வு நிலையத்தின் கீழ் தீர்ப்பான முதலாவது வழக்கு இதுதான். அதன் பின்னர் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த வழக்குகள் வந்துவிட்டன. ஆனாலும் மட்டக்களப்பு நீதிமன்ற வளவில் என்னோடு பழகும் இளம் சட்டத்தரணிகளிற் பலர் இந்த வழக்கைக் கேள்விப்பட்டதில்லை. எழுத்துமூல வாதங்களை எப்படித் தயாரிப்பது என்று பயிலுனர்கள் கேட்கும்போது வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் போகாமல் இதையே நான் எடுத்து வைப்பதுண்டு. அப்படிச் சொல்லிவந்தவற்றைக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செரண்டிப் சீஃபூட்ஸ் என்ற இலங்கைக் கம்பனி வாவிக்கரையில் இறால் வளர்த்து ஏற்றுமதி செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. அதன் பங்குகளில் 48.2 சதவீதம் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஏஏபிஎல் கம்பனியிடம் இருந்தது. 1987 ஜனவரி 28 அன்று அப்பகுதியில் நடந்த படை நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. ஊரில் அந்த நாள் ஒரு கம்பனியின் நட்டக் கணக்காக நினைவில் இல்லை. பண்ணையில் வேலை செய்தவர்களும் அயற்கிராமத்தவர்களும் கொல்லப்பட்ட நாளாகவே அது நினைவில் நிற்கிறது. அவர்களுக்காக மகிழடித்தீவில் அஞ்சலி நடக்கிறது. வழக்கோ வேறொரு பாதையில் நடந்தது. அன்று பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த ஹொங்கொங்குக்கு, 1980 பெப்ரவரி 13 அன்று இலங்கையும் ஐக்கிய இராச்சியமும் கைச்சாத்திட்ட முதலீட்டு ஒப்பந்தம் 1981 ஜனவரியில் விரிவுபடுத்தப்பட்டிருந்தது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே 1987 ஜூலையில் ஏஏபிஎல் வாஷிங்டனிலுள்ள இக்சிட் நிலையத்துக்குத் தன் நடுத்தீர்ப்புக் கோரிக்கையை, அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர்கள் பிணக்கைத் தீர்க்கும்படி கேட்கும் கோரிக்கையை, அனுப்பியது. 1990 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது.

எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு எழுதிப் பழகிய கைக்கு நடுத்தீர்ப்பு வாதம் முதலில் ஒத்துவராது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி பிளேன்ட், அதாவது வழக்காளி தாக்கல் செய்யும் வழக்குரை, என்பது வழக்கு மூலத்தை உருவாக்கும் சங்கதிகளைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் சொல்லவேண்டியது. சாட்சியத்தை அதில் கொட்டுவதில்லை, சட்ட வியாக்கியானத்தையும் நீட்டுவதில்லை. எதிராளி தன் மறுமொழியில் ஒவ்வொரு கூற்றையும் ஏற்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். பிறகு எழுவினாக்கள் வரையப்படும், சாட்சி கூண்டில் ஏறும், ஆவணங்கள் ஒவ்வொன்றாக அடையாளமிடப்படும், கடைசியில்தான் எழுத்துமூல சமர்ப்பணம். வழக்கின் முழு உருவமும் புலப்பட வருடங்கள் பிடிக்கும். ஒரு காணி வழக்கில் எதிராளி கையில் என்ன உறுதி வைத்திருக்கிறார் என்பதை விசாரணை நாளில்தான் முதன்முதலாகப் பார்த்த அனுபவம் எங்களில் யாருக்குத்தான் இல்லை?

இக்சிட் முறையில் மெமோரியல் என்ற ஒரே ஆவணத்துக்குள் சம்பவம், சட்டம், கோரும் நிவாரணம் ஆகிய மூன்றும் ஒன்றாக வரவேண்டும். வழக்கத்தில் அதனுடனேயே சாட்சி வாக்குமூலங்களும் நிபுணர் அறிக்கைகளும் ஆவணங்களும் சட்ட மேற்கோள்களும் இணைந்து போகும். எதிர்த்தரப்பின் கவுண்டர் மெமோரியல் அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு சங்கதியையும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். மேலதிகச் சங்கதி இருந்தால் சொல்ல வேண்டும். சட்ட வாதத்துக்குச் சட்டத்தாலேயே பதில் தர வேண்டும். தேவைப்பட்டால் இரு தரப்புக்கும் ரிப்ளை, ரிஜொயின்டர் என்று இன்னொரு சுற்று உண்டு. வாய்மூல விசாரணை அனேகமாகச் சில நாட்களோடு முடிந்துவிடும். அதற்குள் நடுத்தீர்ப்பாளர்கள் மூவரும் ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசித்து, மனதில் ஒரு வடிவத்தோடுதான் வந்து அமர்வார்கள். ஆகவே அந்த முறையில் வழக்கு நடப்பது பெரும்பாலும் கடதாசியில்தான். கூண்டில் நின்ற சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கி வழக்கை வென்ற பழைய கதைகள் எங்கள் வளவில் நிறைய உண்டு; நடுத்தீர்ப்பில் அந்தத் திறமைக்கு இடமே இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் எழுத்தில் கோட்டைவிட்டதை வாயால் மீட்க அங்கே அவகாசம் குறைவு.

ஏஏபிஎல் வழக்கில் என்னை இன்றுவரை வியக்க வைப்பது, எந்தச் சட்டத்தின்படி பிணக்கைத் தீர்ப்பது என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை தரப்பினரின் வாதங்களிலிருந்து எடுக்கப்பட்டதுதான். இக்சிட்டை உருவாக்கிய வாஷிங்டன் சமவாயத்தின் 42ஆம் உறுப்புரை, தரப்பினர் இணங்கிக்கொண்ட சட்டத்தை முதலில் பிரயோகிக்கச் சொல்கிறது. அப்படி ஓர் இணக்கம் இல்லாவிட்டால் பிணக்கில் தரப்பாக உள்ள அரசின் சட்டத்தையும் பொருந்தக்கூடிய சர்வதேசச் சட்ட விதிகளையும் பிரயோகிக்க வேண்டும். இங்கே ஏஏபிஎல்லும் இலங்கை அரசும் ஒருபோதும் ஒரு மேசையில் அமர்ந்து எந்தச் சட்டம் என்று பேசியதில்லை. பேசவும் வழியில்லை, ஏனெனில் அவர்களுக்கிடையே ஒப்பந்தமே கிடையாது. அப்படியானால் இரண்டாவது வழிக்குத்தான் போகவேண்டும், இலங்கைச் சட்டம்தான் முன்னுக்கு வரவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் தலைவர் அஹமட் எல்-கொஷேரியும் பேர்த்தோல்ட் கோல்ட்மனும் அடங்கிய பெரும்பான்மை வேறு விதமாகப் பார்த்தது. இரு தரப்பும் வழக்கு நடந்த காலத்தில் முன்வைத்த சமர்ப்பணங்களைப் பார்க்கும்போது, இலங்கை-ஐக்கிய இராச்சிய ஒப்பந்தத்தையே முதன்மைச் சட்ட மூலமாக அவர்கள் பரஸ்பரம் ஏற்று நடந்துகொண்டது தெரிகிறது என்று அது முடிவு செய்தது.

இதை வாசித்ததும் எந்த அரச சட்டத்தரணிக்கும் வயிற்றைக் கலக்கும். எதிர்த்தரப்பு ஒரு ஒப்பந்த உறுப்புரையைக் காட்டி வாதாடினால், அந்த உறுப்புரைக்கு நீங்கள் சொல்லும் பொருள் பிழை என்று பதில் எழுதுவது எங்கள் தொழிலின் அன்றாட வேலை. அப்படி எழுதிய பதிலே அந்த ஒப்பந்தத்தை ஆளும் சட்டமாக ஏற்றதற்குச் சான்றாக எடுக்கப்படலாம் என்று எழுதும் நேரத்தில் யார் நினைப்பார்? மூன்றாவது நடுத்தீர்ப்பாளரான சமுவேல் அசாந்தே தன் மாறுபட்ட கருத்தில் இந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. என் மனம் இந்த இடத்தில் அசாந்தேயின் பக்கமே சாய்கிறது. ஒருவர் வைத்த வாதத்துக்குப் பதில் சொல்வதும், அந்த வாதம் நிற்கும் தளத்தை ஒப்புக்கொள்வதும் வெவ்வேறு செயல்கள். ஆனாலும் தீர்ப்பு பெரும்பான்மையினுடையது. ஆகவே பயிலுனர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிர்த்தரப்பின் தளத்துக்குள் இறங்கிப் பதில் எழுத நேர்ந்தால், இந்தச் சட்டம் பொருந்தாது என்பதே எமது முதன்மை நிலைப்பாடு, அதற்குப் பாதிப்பின்றியே பின்வரும் பதில் தரப்படுகிறது என்ற வாக்கியத்தை அந்தந்த அத்தியாயத்தின் தலையிலேயே எழுதுங்கள். முன்னுரையில் ஒரு தடவை போட்டால் போதும் என்று விடவேண்டாம். அறுநூறு பக்கத்துக்கு நீளும் ஆவணத்தில் முன்னுரையை நானூறாவது பக்கத்தில் நினைவு வைத்திருக்கும்படி எந்த நடுத்தீர்ப்பாளரிடமும் கேட்க முடியாது.

அடுத்ததாக வாதங்களை அடுக்கும் முறைக்கு வருகிறேன். கோரிக்கையாளரின் பெரிய வாதம், ஒப்பந்தத்தின் 2ஆம் உறுப்புரை வாக்களிக்கும் முழுமையான பாதுகாப்பு என்பது ஒரு கண்டிப்பான பொறுப்பு, பண்ணை அழிந்தால் யார் அழித்தாலும் அரசு ஈடு செய்ய வேண்டும் என்பதாக இருந்தது. மன்றம் இதை நிராகரித்தது. பாதுகாப்பு வழங்குவது அரசின் கடமைதான், ஆனால் அது காப்புறுதி அல்ல என்பதே அதன் நிலைப்பாட்டின் சாரம். படையினரே தேவையின்றி அழித்தார்கள் என்ற வாதம் 4ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்திக்குரியது. அதுவும் நிற்கவில்லை, ஏனெனில் முன்வைக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டு அழிவு எந்தத் தரப்பின் கையால் நேர்ந்தது என்று மன்றத்தால் முடிவு செய்ய இயலவில்லை. இரண்டு பெரிய கதவுகளும் இப்படி மூடிய பிறகு, அரசு உரிய கவனத்தோடு நடந்துகொண்டதா என்ற பொதுச் சர்வதேசச் சட்ட நியமத்தின் வழியாகத்தான் இலங்கை பொறுப்பாக்கப்பட்டது. பண்ணை ஊழியர்களுக்குள் கிளர்ச்சியாளர்கள் இருப்பதாக அதிகாரிகள் சந்தேகித்திருந்தால், பாரிய தாக்குதல் ஒன்றைத் தொடங்குமுன் அவர்களைச் சமாதானமாக வெளியேற்றுவதற்கு நிர்வாகத்தின் ஒத்துழைப்பை நாடியிருக்கலாம் அல்லது வெளியேற்றும்படி கட்டளையிட்டிருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் உயிரிழப்பும் அழிவும் குறைந்திருக்கும் என்று மன்றம் கண்டது.

ஒரு வழக்கின் முடிவு இப்படி மிக அடக்கமான வாதத்தின் மீது வந்து நிற்பது அரிதல்ல. மாற்று வாதம் எழுதுவது பலவீனத்தைக் காட்டும் என்று எங்களிடையே ஒரு கூச்சம் இருக்கிறது. எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு பந்தியோடு முடித்துவிடுவோம். முதன்மை வாதத்துக்குக் கொடுத்த உழைப்பை மாற்று வாதத்துக்கும் கொடுக்காவிட்டால், மன்றம் அங்கே வந்து சேரும்போது கையில் எடுப்பதற்குச் சங்கதி எதுவும் இருக்காது. தாக்குதலுக்கு முன்னர் நிர்வாகமும் அதிகாரிகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கண்டிப்பான பொறுப்பு வாதத்துக்குத் தேவையே இல்லாத விடயம். அதை வேண்டாத விபரம் என்று ஒதுக்கிவிட்டு ஒருவர் மெமோரியலை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சான்று பற்றியும் அந்தத் தீர்ப்பு ஒரு சிறு பாடநூல் போலவே எழுதப்பட்டிருக்கிறது. நிரூபிக்கும் பாரம் உண்மையில் எவர் ஒரு சங்கதியை வலியுறுத்துகிறாரோ அவருக்குரியது; சான்றைக் கொண்டுவருவது மட்டும் போதாது, மன்றத்தை நம்பவும் வைக்க வேண்டும்; அரசின் சர்வதேசப் பொறுப்பு ஊகிக்கப்படமாட்டாது; சர்வதேச மன்றம் கண்டிப்பான சான்று விதிகளால் கட்டப்பட்டதல்ல; நிரூபிப்பது மிகக் கடினமான இடத்தில் முதற்பார்வைச் சான்று கூடப் போதுமானதாகலாம். யுத்த காலத்தில் அழிந்த சொத்துக்களுக்கும் காணாமற்போன உறுதிகளுக்கும் வழக்குப் பேசும் எங்களுக்கு இந்தக் கடைசி விதி மனதுக்கு நெருக்கமானது. ஆனால் அதே மன்றம்தான் அழிவுக்குக் காரணமானவர் யார் என்ற கேள்வியில் சான்று போதாது என்று நின்றுகொண்டது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சாட்சி வாக்குமூலம் என்ற பகுதிக்கு எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல நிறைய உண்டு. கொழும்பில் நடந்த ஒரு வணிக நடுத்தீர்ப்புக்காக வாவிக்கரையில் தொழில் செய்யும் முதியவர் ஒருவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் வேலை சில காலத்துக்கு முன்னர் என்னிடம் வந்தது. பிணக்கின் விபரம் இரகசியம், எழுத முடியாது. ஒரு நிலத்துண்டு எப்போதிருந்து எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதே அவர் சொல்லவேண்டிய சங்கதி. அவர் வருடம் சொல்லவில்லை. சூறாவளிக்கு முந்தின மாரி, பெரிய வெள்ளம் வந்த தை, பாதை (துறையைக் கடக்கும் மிதவை) ஓடாமல் நின்ற காலம் என்று சொல்லிக்கொண்டு போனார். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரை துறையைக் கடக்கப் பாதையையே நம்பியிருந்த சனத்துக்கு அதுவும் ஒரு காலக்கணக்குத்தான். சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23 என்று மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கொழும்பிலிருந்து திருத்தி வந்த ஆங்கில வரைவிலோ சூறாவளியும் இல்லை, பாதையும் இல்லை. ஏறத்தாழ 1977ஆம் ஆண்டின் நான்காம் காலாண்டில் என்று இருந்தது. அதைத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டியபோது பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொன்னதெல்லாம் நான்தான் சேர், ஆனா இப்பிடி என்ட வாயில வராதே" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரியான ஆட்சேபம். நடுத்தீர்ப்பில் சான்று எடுப்பதற்கு உலகெங்கும் வழிகாட்டியாகக் கொள்ளப்படும் சர்வதேச சட்டத்தரணிகள் சங்க விதிகள், வாக்குமூலம் முதலில் எந்த மொழியில் தயாரிக்கப்பட்டது, சாட்சி எந்த மொழியில் சாட்சியமளிக்க எதிர்பார்க்கிறார் என்பவற்றை வாக்குமூலத்திலேயே குறிப்பிடச் சொல்கின்றன. ஆகவே தமிழில் பேசும் சாட்சியின் வாக்குமூலம் தமிழில்தான் எழுதப்பட வேண்டும், கையொப்பமும் அதன் கீழேதான் விழவேண்டும். ஆங்கிலம் அதற்கு மொழிபெயர்ப்பாகப் பின்னால் வரட்டும். குறுக்கு விசாரணையில் நான்காம் காலாண்டு என்றால் எந்த மாதங்கள் என்று அவரிடம் கேட்டால் அவர் விழிப்பார், அந்த ஒரு விழிப்பில் வாக்குமூலம் முழுவதும் சட்டத்தரணியின் கைவேலை என்றாகிவிடும். சூறாவளிக்கு முந்தின மாரி என்று அவர் வார்த்தையிலேயே விட்டு, அது எந்த மாதங்களைக் குறிக்கும் என்பதை அடிக்குறிப்பில் சட்டத்தரணியின் விளக்கமாகப் போட்டால் எவரும் அவரை அசைக்க முடியாது. இந்தத் திருத்தத்தைக் கொழும்பு ஏற்றுக்கொள்ள வைப்பதற்குப் பல தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

வடிவ விடயங்களில் அதிகம் நிற்கப் போவதில்லை. இக்சிட்டின் 2022 விதிகளுக்குப் பின்னர் ஆவணங்கள் இலத்திரனியல் வடிவிலேயே தாக்கலாகின்றன. கோரிக்கையாளரின் ஆவணங்களுக்கு சி–1, எதிர்த்தரப்பின் ஆவணங்களுக்கு ஆர்–1 என்று இலக்கமிடும் முறை அனேகமாக முதலாவது நடவடிக்கைமுறைக் கட்டளையிலேயே வகுக்கப்பட்டுவிடும். கடைசி வாரத்தில் ஓர் ஆவணத்தை நடுவில் நுழைத்து முழு இலக்க வரிசையையும் குழப்பாதீர்கள் என்பதைத் தவிர இதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

ஒருமுறை மகிழடித்தீவில் ஒரு காணி விடயமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இறால் பண்ணை வழக்கில் அரசாங்கம் நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பானதைச் சொன்னேன். அங்கிருந்த வயதான அம்மா ஒருவர் கேட்ட கேள்வி: "அந்தக் காசு ஆருக்கு மனே?" ஹொங்கொங் கம்பனிக்கு என்று சொன்னேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. சட்டப்படி அந்த விடையில் பிழை கிடையாது. ஒப்பந்தம் பாதுகாப்பது முதலீட்டாளரை; கோரிக்கையைக் கொண்டுவந்தவரும் முதலீட்டாளர்; மன்றத்தின் அதிகாரமும் அவ்வளவுதான். பண்ணையில் மாண்டவர்கள் அந்த வழக்கில் தரப்பினர் அல்ல, அவர்களுக்காக எந்த நிவாரணமும் கோரப்படவில்லை, கோரவும் இடமில்லை. அவர்களின் சாவு அரசின் கவனக்குறைவை எடைபோடும் பந்திகளில் ஒரு சங்கதியாக வந்து போகிறது. இந்த வழக்கைப் படிப்பிக்கும் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இதைக் குறிப்பிடாமல் கடந்துபோவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன், அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஆனால் மட்டக்களப்பில் இதைப் படிப்பிக்கும் ஒருவர் இதைச் சொல்லாமல் விட்டால் அது குறைதான்.

இனிக் கோரிய தொகைக்கு வருவோம். ஏஏபிஎல் கேட்டது 80 இலட்சம் அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். துல்லியமாக 8,067,368 டொலர். கிடைத்தது 460,000 டொலரும், 1987 ஜூலை 9 முதல் கொடுத்துத் தீர்க்கும் நாள்வரை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும். கேட்டதில் ஆறு சதவீதத்துக்கும் குறைவான தொகை. இந்த வீழ்ச்சிக்குக் காரணம் கணக்கு முறை. பண்ணை எதிர்காலத்தில் உழைக்கக்கூடிய இலாபத்தையும் நன்மதிப்பையும் சேர்த்துக் கோரிக்கையாளர் பெறுமதியிட்டிருந்தார். தொழில் தொடங்கிக் குறுகிய காலமே ஆன, இலாபம் உழைத்த வரலாறு இல்லாத ஒரு கம்பனிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று மன்றம் அதை விலக்கிவிட்டு, இருந்த சொத்துக்களின் பெறுமதியிலிருந்து பொறுப்புகளைக் கழித்து, அதில் ஏஏபிஎல்லின் பங்கு விகிதத்துக்கு உரியதைப் பார்த்தது.

புதிய தொழில் ஒன்றுக்காக நட்டஈடு கேட்டு எழுதுபவர் தன் நிபுணரிடம் இரண்டு கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்: எதிர்கால இலாபத்தில் நிற்கும் கணக்கு ஒன்று, குளம், பம்பி, கட்டடம், குஞ்சு இறால் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடியவற்றில் நிற்கும் கணக்கு ஒன்று. இரண்டும் முதல் மெமோரியலிலேயே, தனித்தனித் தலைப்பின் கீழ், ஒவ்வொன்றுக்கும் உரிய பற்றுச்சீட்டுகளோடும் பங்கு விகிதத்தோடும் வட்டித் திகதியோடும் இருக்க வேண்டும். இரண்டாவது கணக்கை விசாரணை முடிந்த பிறகு நீட்டினால் எதிர்த்தரப்பு தன் நிபுணருக்கு அவகாசம் கேட்கும், மன்றம் அதைக் கொடுக்கும், அந்த மாதங்களின் செலவு யாருடைய தலையில் விழும் என்பதும் அப்போது ஒரு புதிய பிணக்காகிவிடும்.